பெற்றோர் இசைவின்றி இளவர் வீட்டை விட்டு வெளியேறுதல்

பெற்றோர் இசைவின்றி இளவர் வீட்டை விட்டு வெளியேறுதல் என்பது, 18 வயது நிறையாத ஒருவர் தம் தாய் தந்தையர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் பெறாமல் அவர்களைப் பிரிந்து வேறிடத்தில் வாழ முற்படுவதைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. காப்புரிமை, கடத்தல், குழந்தைப் பாதுகாப்பு, திருமணம், தொழிலாளர் ஆகியவை பற்றிய பல சட்டங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தே விடை காண வேண்டியுள்ளது.

சுருக்கமாகக் கூறின், இந்தியச் சட்டப்படி இளவர் ஒருவர் தம் விருப்பத்தால் மட்டும் பெற்றோரின் காப்பிலிருந்து விலகித் தனியே குடியிருக்கும் உரிமை பெற்றவர் அல்லர். ஆயினும் அவ்வாறு வெளியேறுவது அவர் செய்த குற்றமாகக் கருதப்படுவதில்லை. வீடு அவருக்குத் தீங்கு விளைவிக்கும் இடமாக இருந்தால், அவரை அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குழந்தைகள் நலக் குழு என்னும் அமைப்பு அவரது விருப்பத்தைக் கேட்டறிந்து வேறு பாதுகாப்பான இடத்தில் சேர்க்கலாம். இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு பொருந்துகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதன் மேற்கே உள்ள கல்வராயன் மலையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

சொல் விளக்கம்

இளவர் என்பது பேச்சு வழக்கில் மைனர் எனப்படுபவரைக் குறிக்கும் சட்டத் தமிழ்ச் சொல்லாகும். 1875 ஆம் ஆண்டின் இந்திய உரிமை வயதுச் சட்டப்படி 18 வயது நிறையாத ஒருவர் இளவர் ஆவார். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 வயது வரை இளவராகவே கருதும் விதி முன்னர் இருந்தது. 1999 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது நீக்கப்பட்டு, அனைவருக்கும் 18 என்றானது.

காப்பாளர் என்பவர் இளவரின் உடல் நலம், கல்வி, வசிப்பிடம், சொத்து ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர். தாயும் தந்தையும் இயற்கைக் காப்பாளர்கள் எனப்படுவர். அவர்கள் இல்லாதபோது நீதிமன்றம் ஒருவரைக் காப்பாளராக நியமிக்கலாம்.

காப்புரிமைச் சட்டங்கள்

இந்தியாவில் காப்புரிமையை ஆளும் பொதுச் சட்டம் 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமாகும். இது எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும். இளவர் ஒருவர் காப்பாளரை விட்டுச் சென்றுவிட்டால், அவரைத் திரும்ப ஒப்படைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்று இச்சட்டத்தின் 25 ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. திரும்பிச் செல்வது அந்த இளவரின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும். காப்பாளரை நியமிக்கும்போது, அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் அளவுக்கு இளவர் வளர்ந்திருந்தால் அவரது விருப்பத்தையும் கருத்திற் கொள்ளலாம் என 17 ஆம் பிரிவு கூறுகிறது.

இந்துக்களுக்கு 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்புரிமைச் சட்டமும் பொருந்தும். இதன் 13 ஆம் பிரிவு, இளவரின் நலனே முதன்மையானது என்று கூறுகிறது. தந்தைக்குப் பின்னரே தாய் காப்பாளர் என்ற இச்சட்டத்தின் சொற்களுக்கு, 1999 இல் கீதா அரிகரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாய்க்கும் இடமளிக்கும் வகையில் பொருள் கூறியது.

கல்வராயன் மலையில் பெரும்பான்மையினராக வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பொறுத்தவரை இங்கு ஒரு வேறுபாடு உள்ளது. (இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள், கேரளத்தின் மலையாளிகள் அல்லர்.) இவர்கள் பட்டியல் பழங்குடியினர் ஆவர். நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றி 1956 ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. எனினும் 1890 ஆம் ஆண்டுப் பொதுச் சட்டமும், குழந்தைப் பாதுகாப்பு, குழந்தைத் திருமணத் தடை, கடத்தல் ஆகியவை பற்றிய சட்டங்களும் அவர்களுக்கும் பொருந்தும். ஆகவே வழக்காறு எதுவாயினும், மலையில் வாழும் குழந்தைக்கும் சமவெளியில் வாழும் குழந்தைக்கும் பாதுகாப்பு ஒன்றே.

வெளியேறுவது குற்றமா?

இளவர் வீட்டை விட்டுச் செல்வது எந்தத் தண்டனைச் சட்டத்தின் கீழும் குற்றம் அன்று. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் குழந்தைகளை இரு வகையாகப் பிரிக்கிறது. சட்டத்துக்கு முரண்பட்டதாகக் கூறப்படும் குழந்தைகள் ஒரு வகையினர். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் மற்றொரு வகையினர். காணாமற்போன அல்லது வீட்டை விட்டு ஓடிவந்த குழந்தையை இச்சட்டம் இரண்டாம் வகையிலேயே சேர்க்கிறது.

இந்த வகைப்பாடு முக்கியமானது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவரையே காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அவ்வாறிருக்க, எக்குற்றமும் செய்யாமல் வீட்டை விட்டு வந்த குழந்தையை அடைத்து வைப்பதற்கு இடமே இல்லை. அக்குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடுவதும் இச்சட்டத்தின் 74 ஆம் பிரிவால் தடை செய்யப்பட்டுள்ளது.

பெற்றோர் புகார் அளித்தால் காவல்துறை தேடியாக வேண்டும். காணாமற்போன குழந்தைகள் தொடர்பாக 2013 இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையின்படி, இத்தகைய புகார்களில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். குழந்தை கடத்தப்பட்டிருக்கலாம் என்ற ஊகத்துடனேயே புலன்விசாரணை தொடங்கும்.

உடன் அழைத்துச் செல்வோரின் பொறுப்பு

குழந்தை குற்றவாளி ஆவதில்லை எனினும், அதை அழைத்துச் செல்பவர் குற்றவாளி ஆகக்கூடும். இளவரைச் சட்டப்படியான காப்பாளரிடமிருந்து அவர் இசைவின்றி அழைத்துச் செல்வதோ ஆசைகாட்டி வெளியே வரச் செய்வதோ ஆட்கடத்தல் ஆகும். இதற்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். இளவர் தாமே ஒப்புக்கொண்டார் என்பது இதற்கு எதிர்வாதம் ஆகாது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361 ஆம் பிரிவில் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வயது வரம்பு வேறுபட்டிருந்தது. 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137 ஆம் பிரிவு இருபாலருக்கும் 18 என்று வரம்பை ஒன்றாக்கியது. ஆகவே 17 வயதுப் பையனை வேலைக்கென்று பெற்றோர் அறியாமல் அழைத்துச் செல்லும் ஆள்பிடிப்பவரும் இப்போது இப்பிரிவின் கீழ் வரக்கூடும்.

வரதராசன் வழக்கு

தாமாக வெளியேறிய இளவருக்கும் கடத்தப்பட்ட இளவருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் முதன்மையான தீர்ப்பு சென்னையிலிருந்து எழுந்ததாகும். 1960 அக்டோபரில் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர், தாம் தங்கியிருந்த உறவினர் வீட்டை விட்டு வெளியேறி, தாம் விரும்பிய ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அவருடன் சென்றார். அப்போது அவருக்கு 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. உடன் சென்றவர் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

மேல்முறையீட்டில், எசு. வரதராசன் எதிர் மதராசு மாநிலம் என்னும் அவ்வழக்கில், உச்ச நீதிமன்றம் 1964 செப்டம்பரில் அவரை விடுவித்தது. இளவர் ஒருவரை அழைத்துச் செல்வது வேறு, தாமாக வந்தவரை உடன்வர விடுவது வேறு என்று நீதிமன்றம் கூறியது. தாம் செய்வதை முழுதும் உணர்ந்து, தாமே முடிவெடுத்து வந்தவரிடம், வருமாறு தூண்டும் செயல் எதையும் மற்றவர் செய்யாதிருந்தால் அது கடத்தல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு பலமுறை தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இளவருக்குத் தனியே வாழும் உரிமை உண்டு என்று இது கூறவில்லை. உடன் சென்றவர் கடத்தல் குற்றம் செய்தாரா என்ற ஒரு கேள்விக்கே இது விடையளித்தது. மேலும் அன்று இல்லாத ஒரு சட்டம் இன்று உள்ளது. 2012 ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் (போக்சோ) கீழ், 18 வயது நிறையாதவருடன் பாலுறவு கொள்வது அவர் விருப்பத்துடன் நிகழ்ந்தாலும் குற்றமாகும். ஆகவே அதே நிகழ்வு இன்று நடந்தால், கடத்தல் வழக்கு நிற்காவிடினும் போக்சோ வழக்கு நிற்கக்கூடும்.

சென்னை உயர் நீதிமன்ற முழு ஆயத்தின் தீர்ப்பு

இக்கட்டுரையின் பொருளை நேரடியாக எதிர்கொண்ட தீர்ப்பு, 2011 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு ஆயம் டி. சிவக்குமார் வழக்கில் வழங்கியதாகும். திருமணம் செய்துகொண்ட இளம்பெண்ணைப் பற்றிய ஆட்கொணர்வு மனுவில் எழுந்த இவ்வழக்கில், விவரம் அறியும் பருவத்தை எட்டிய இளவர் பெற்றோரின் காப்பிலிருந்து தாமே விலகிச் செல்லலாமா என்பது ஆயத்தின் முன் வைக்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று.

இளவர் எவ்வயதினராயினும் பெற்றோரின் சட்டப்படியான காப்பிலிருந்து தாமாக விலகிச் செல்ல இயலாது என்று ஆயம் விடையளித்தது. ஆனால் முடிவெடுக்கும் ஆற்றல் உள்ளவர் என்று நீதிமன்றம் கருதும் இளவர் ஒருவர் பெற்றோருடன் செல்ல விருப்பமில்லை என்று தெரிவித்தால், அவரைக் கட்டாயமாக அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. அவரது நலனைக் காக்கும் தகுந்த இல்லம் ஒன்றில் தங்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். மணம் செய்துகொண்ட ஆண், தான் கணவன் என்பதால் மட்டும் அப்பெண்ணின் காப்பாளர் ஆகிவிட முடியாது என்றும் கூறப்பட்டது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆள்வரைக்குள் அமைவதால் இத்தீர்ப்பு அங்கும் பொருந்தும்.

குழந்தைகள் நலக் குழு

நீதிமன்றம் செல்லாமலே ஒரு குழந்தை அணுகக்கூடிய அமைப்பு குழந்தைகள் நலக் குழுவாகும். ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஒரு குழு அமைக்கப்பட வேண்டும். இதில் ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் இருப்பர். உறுப்பினர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைக் காவல்துறையினர், அரசு ஊழியர், குழந்தைகள் உதவி மையத்தார், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், பொதுநல நோக்குடைய குடிமகன் ஆகியோருள் எவரும் குழுவின் முன் கொண்டுவரலாம். இப்பட்டியலில் குழந்தையும் இடம்பெற்றுள்ளது. அதாவது, குழந்தை யாருடைய இசைவும் இன்றித் தானே குழுவின் முன் வந்து நிற்கலாம். பெற்றோர் ஒப்புதலின்றி வீட்டை விட்டு வெளியேறச் சட்டம் நேரடியாகத் திறந்து வைத்துள்ள வாயில் இதுவே எனலாம்.

நடைமுறை பின்வருமாறு அமையும்.

- பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தை குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். குழு கூடாத நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன் கொண்டுவரலாம்.
- சமூக விசாரணை அறிக்கை 15 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். குழந்தையின் வீடு, பள்ளி, வெளியேறியதன் காரணம் ஆகியன இதில் ஆராயப்படும்.
- முதன்முறை கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும்.
- போதிய முதிர்ச்சி உள்ள குழந்தையாயின் அதன் விருப்பத்தைக் கருத்திற் கொண்டே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று 37 ஆம் பிரிவு கூறுகிறது.

குழு தன் ஆணையில் குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்கலாம். தகுதியுள்ள உறவினர் அல்லது வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கலாம். பதிவு பெற்ற குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கினாலோ கொடுமைப்படுத்தினாலோ 75 ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை பெறலாம். பெற்றோருக்கும் இது பொருந்தும்.

கைவிடப்பட்டதாகவோ வழிதவறியதாகவோ தோன்றும் குழந்தையைக் காண்பவர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி மையத்துக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவது 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும். எனவே இரக்கத்தால் அடைக்கலம் தருபவரும் செய்தியை மறைக்காமல் தெரிவித்துவிடுவதே அவருக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பானது.

கல்வராயன் மலையில்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக அழைக்கப்படும் இது கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு இடையே பரந்துள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயற்படத் தொடங்கியது. மலையில் வெள்ளிமலை, கரியாலூர் ஆகியன இம்மாவட்டத்திலும், கருமந்துறை சேலம் மாவட்டத்திலும் உள்ளன. ஆகவே ஒரே மலையின் குழந்தைகள் இரு வேறு மாவட்டங்களின் குழந்தைகள் நலக் குழுக்களுக்கு உட்படுகின்றனர். ஆயினும் எக்குழுவின் முன்னும் குழந்தை செல்லலாம். அக்குழு உரிய விசாரணைக்குப் பின் குழந்தையைச் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றலாம்.

இம்மலை 1976 வரை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் எனப்பட்ட மூன்று சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அரசு அலுவலகங்களும் சட்டங்களும் சமவெளியைவிடப் பிந்தியே இங்கு வந்தன. வீட்டை விட்டு வெளியேறுதல் பற்றிய கேள்வி இங்குக் கீழ்வரும் நான்கு வடிவங்களில் எழுகிறது.

உறைவிடப் பள்ளி: சிற்றூர்கள் சிதறிக் கிடப்பதால், மலைக் குழந்தைகள் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தங்கிப் படிக்கின்றனர். வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் உள்ளது. இது பெற்றோர் இசைவுடன் வீட்டை விட்டு வாழ்வதாகும். இதனால் பெற்றோரின் காப்புரிமை நீங்குவதில்லை. குழந்தை விடுதியை விட்டுச் சென்றாலும் மேற்கூறிய சட்டங்களே பொருந்தும்.

வேலை: மலையில் வேளாண் வேலை குறையும் மாதங்களில் குடும்பங்கள் வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் வேலை தேடிச் செல்வது வழக்கம். படிப்பை நிறுத்திய சிறுவர்கள் தாமாகவும் முகவர்கள் வழியாகவும் செல்வதுண்டு. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. 14 முதல் 18 வயது வரையுள்ளோரைச் சுரங்கம், வெடிபொருள் உள்ளிட்ட ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. முன்பணம் கொடுத்துக் குழந்தையைப் பிடித்து வைப்பது 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். பெற்றோர் பெற்ற முன்பணத்துக்காகக் குழந்தை வேலை செய்யக் கடமைப்பட்டதன்று. அவ்விடத்தை விட்டு வெளியேற அதற்கு எவர் இசைவும் தேவையில்லை.

திருமணம்: குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் (2006) பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 எனத் திருமண வயதை வரையறுக்கிறது. உரிய வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்படும் இடர் உள்ள குழந்தையும் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை என்றே இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. ஆகவே அத்தகைய திருமணத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு வரும் பெண், பெற்றோரை மீறிச் சென்றவராக அன்றிப் பாதுகாக்கப்பட வேண்டியவராகவே கொள்ளப்பட வேண்டும். திருமணம் நடந்துவிட்டாலும், உரிமை வயதடைந்த பின் 2 ஆண்டுகளுக்குள் அதனை நீக்கக் கோரி அவர் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். மறுபுறம், வீட்டை விட்டு வெளியேறித் திருமணம் செய்துகொள்வதால் இளவர் ஒருவர் உரிமை வயதினர் ஆகிவிடுவதில்லை. காப்பாளரிடமிருந்து கவர்ந்து சென்று நடத்தப்படும் இளவரின் திருமணம் செல்லாது என்று 12 ஆம் பிரிவு கூறுகிறது.

பெற்றோர் இழப்பு: 2024 சூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் முதலிய பகுதிகளில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தி 60 பேருக்கும் மேல் இறந்தனர். சில குழந்தைகள் தாய் தந்தை இருவரையும் இழந்தனர். பெற்றோரை இழந்த குழந்தைகளின் கல்விச் செலவை ஏற்பதாகவும், இருவரையும் இழந்தோருக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் வழங்குவதாகவும் தமிழ்நாடு அரசு அப்போது அறிவித்தது. இதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இத்தகைய நிலையில் இசைவு தர வேண்டிய பெற்றோரே இல்லை. பாட்டியோ சித்தப்பாவோ வளர்க்கத் தொடங்கினாலும் அவர் தாமாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோ மாவட்ட நீதிமன்றத்தின் நியமனமோ பெறுவது, பின்னர் எழக்கூடிய சொத்து, உதவித்தொகைச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

வயதுச் சான்று

மேற்கூறிய உரிமைகளும் தடைகளும் 18 என்ற ஒரே எண்ணைச் சார்ந்தவை. பிறப்பு உரிய காலத்தில் பதிவாகாத இடங்களில் உண்மையான வயது எது என்பதே சிக்கலாகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94 ஆம் பிரிவு இதற்கு ஒரு வரிசை முறையை வகுத்துள்ளது. முதலில் பள்ளி தரும் பிறந்த நாள் சான்று அல்லது தேர்வு வாரியத்தின் மதிப்பெண் சான்று பார்க்கப்படும். அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்றிதழ் பார்க்கப்படும். இரண்டும் இல்லாதபோதே எலும்பு வளர்ச்சி முதலிய மருத்துவ ஆய்வுக்குச் செல்ல வேண்டும். ஆகவே முதல் வகுப்பில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் தோராயமாகச் சொல்லப்பட்ட ஒரு தேதி, பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் தம் விருப்பப்படி செல்லலாமா என்பதைத் தீர்மானிக்கும் சான்றாகிவிடுகிறது.

தனித்து வாழ்வதில் உள்ள தடைகள்

வெளியேறிய இளவரை எவரும் தேடாவிடினும், அவர் தனியே வாழ்க்கை நடத்துவதற்குச் சட்டத்தில் பல தடைகள் உள்ளன. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி இளவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். இளவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903 இல் மோகரி பீபி வழக்கில் பிரிவியூ கவுன்சில் தீர்ப்பளித்தது. எனவே இளவர் தம் பெயரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் செய்துகொண்டாலும் அது செல்லாது.

இதற்கு மாறாக, வேறு சில செயல்களுக்கு 18 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 10 வயது நிறைந்தவர் வங்கிச் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. 14 வயதில் ஆபத்தற்ற வேலைக்குச் செல்லலாம். 16 வயதுக்கு மேற்பட்டவர் கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால் முதியவரைப் போல விசாரிக்கப்படவும் கூடும். ஆனால் எங்கு வசிப்பது என்பதை மட்டும் 18 வரை தாமே முடிவு செய்ய இயலாது.

இளவர் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தாலும், தம்மைத் தாமே பேண இயலாத நிலையில் அவர்களிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். காப்பில் இருக்க மறுத்ததால் பெற்றோரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை.

பிற நாடுகளில்

சில நாடுகளில் 18 வயதுக்கு முன்பே பெற்றோர் காப்பிலிருந்து இளவரை விடுவிக்கும் சட்ட முறை உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 14 வயது நிறைந்து, பெற்றோர் எதிர்ப்பின்றித் தனியே வாழ்ந்து, தம் வரவு செலவைத் தாமே கவனிக்கும் இளவர் நீதிமன்றத்தில் விடுவிப்பு ஆணை பெறலாம். தமிழர் மிகுதியாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 16 வயது நிறைந்தவர் பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம். இலங்கையில் உரிமை வயது 21 ஆக இருந்து 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 18 ஆனது. மலேசியாவிலும் அது 18 ஆகும். இந்தியாவில் விடுவிப்பு ஆணை என்னும் முறை இல்லை.

இந்தியா 1992 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989), தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைக் கூறக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 12 ஆம் உறுப்பில் கூறுகிறது. குழந்தைகள் நலக் குழு குழந்தையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி இதனோடு ஒத்துச் செல்வதாகும்.

விமர்சனங்கள்

5 வயதுக் குழந்தையையும் 18 நிறைய ஒரு மாதமே உள்ளவரையும் சட்டம் ஒன்றுபோலவே காண்கிறது என்பது முதன்மையான விமர்சனமாகும். காதலித்து வீட்டை விட்டுச் செல்லும் வளரிளம் பருவத்தினர் மீது, பெரும்பாலும் சாதி வேறுபாட்டை விரும்பாத பெற்றோரால், போக்சோ வழக்குகள் தொடுக்கப்படுவது குறித்தும் கவலை தெரிவிக்கப்பட்டுள்ளது. 2019 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 16 வயதுக்கு மேற்பட்டோரின் இசைவான உறவைத் தனியே நோக்கும் வகையில் சட்டத்தைத் திருத்துவது பற்றி எண்ணுமாறு கூறியது. எனினும் வயது வரம்பு மாற்றப்படவில்லை.

மறுதரப்பில், வயதைக் குறைத்தால் ஆட்கடத்துவோரும் குழந்தைத் திருமணத்தை நடத்துவோரும் "அவள் விரும்பித்தான் வந்தாள்" என்று கூறித் தப்பிவிடுவர் என வாதிடப்படுகிறது. கல்வராயன் மலை போன்ற இடங்களில் இரு வாதங்களுக்கும் இடமுண்டு. வீட்டின் கொடுமையிலிருந்து தப்பி மலையிறங்கும் குழந்தையும், முகவரின் சொல்லை நம்பி மலையிறங்கும் குழந்தையும் ஒரே பேருந்தில் வரக்கூடும். இருவரையும் பிரித்தறிய, வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் முன் ஏன் வந்தாய் என்று கேட்கும் ஒருவர் தேவைப்படுகிறார். சட்டம் அக்கடமையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் அளித்துள்ளது.

உதவி பெறும் வழிகள்

- 1098: குழந்தைகளுக்கான கட்டணமில்லாத் தொலைபேசி உதவி எண். 1996 இல் மும்பையில் தொடங்கப்பட்டுப் பின்னர் நாடு முழுதும் விரிந்த இச்சேவை, 2023 முதல் மாநில அரசுகளின் வழியாக நடத்தப்பட்டு, 112 என்ற அவசர எண்ணுடன் இணைக்கப்பட்டு வருகிறது. குழந்தையே நேரடியாக அழைக்கலாம்.
- குழந்தைகள் நலக் காவல் அலுவலர்: ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் இப்பொறுப்புக்கு நியமிக்கப்பட வேண்டும்.
- மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு: உதவித்தொகை, வளர்ப்புப் பராமரிப்பு முதலியவற்றைக் கவனிக்கும் அரசு அமைப்பு.
- மாவட்டச் சமூக நல அலுவலர்: தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடை அலுவலராகவும் செயற்படுபவர்.
- மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு: குழந்தைகளுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி வழங்கும் அமைப்பு.

18 வயது நிறைந்த பின்

18 வயது நிறைந்த நாள் முதல் பெற்றோரின் இசைவு தேவையில்லை. உரிமை வயதடைந்த ஒருவர் எங்கு, யாருடன் வாழ்வது என்பது அவரது தனியுரிமை என்று 2018 இல் சஃபீன் சகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர் 18 வயதில் அங்கிருந்து வெளியேற வேண்டும். எனினும் அவர் தம் காலில் நிற்பதற்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி வழங்க இளைஞர் நீதிச் சட்டத்தில் வழி செய்யப்பட்டுள்ளது.